கண்டது மெய்யென்று யார் சொல்வது

என் தாய்மாமாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் சைவ சித்தாந்த வகுப்பு நடத்துகிறார். வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற வங்கிக்காரர்கள், பூக்கட்டும் அம்மாக்கள் இரண்டு பேர், போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பையன். நான் பெத்தாலஜிஸ்ட். அரசு மருத்துவக் கல்லூரியில் ஸ்லைடு பார்த்தே தலை நரைத்தவள். எனக்கும் மாமாவுக்கும் பொதுவாக இருப்பது வாக்குவாதம் ஒன்றுதான். அதை இருவருமே விடுவதாக இல்லை.

ஒரு ஞாயிறு அவர் அறியும் வழிகளைப் பற்றிய அளவைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு பொருளை அறிகிறேன். அந்த அறிவு மெய்யானது என்பது எனக்கு எப்படித் தெரிகிறது? குமாரில பட்டர் வழி வந்த மீமாம்சகர்கள், அறிவு பிறக்கும்போதே மெய்யென்ற தகுதியோடுதான் பிறக்கிறது என்பார்கள். அது பொய் என்று காட்டத்தான் வெளியிலிருந்து வேறொன்று வர வேண்டும். தருக்க நூலாரான நையாயிகர்கள் இதை ஒப்புவதில்லை. தாகத்தில் இருப்பவன் தூரத்தில் தண்ணீரைக் காண்கிறான். போய்க் குடித்துத் தாகம் அடங்கிய பிறகுதானே கண்டது தண்ணீர் என்று உறுதியாகிறது என்பது அவர்கள் கட்சி. மீமாம்சகர் விடுவாரா? தாகம் அடங்கியது என்ற அறிவை எது உறுதி செய்தது, அதை உறுதி செய்ததை எது உறுதி செய்தது என்று துரத்துவார். முடிவில்லாத இந்த ஓட்டத்துக்கு அநவஸ்தை என்று பெயர் வைத்து அதைக் குற்றத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து மாமா கேட்டார்: “ஏம்மா, உன் மைக்ராஸ்கோப்புக்கு இதுல ஏதாவது அபிப்பிராயம் உண்டா?”

“உண்டு மாமா. ஆனா மீமாம்சகருக்கும் பிடிக்காது, நையாயிகருக்கும் பிடிக்காது. உங்களுக்குக் கண்டிப்பாப் பிடிக்காது.”

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் முன்னோர் அன்றே அணுவைக் கண்டார்கள், மரபணுவைப் பாடினார்கள் என்கிற பேச்சு எனக்கு ஆகாது. மாமாவுக்கும் ஆகாது, அந்த விதத்தில் அவர் நேர்மையானவர். சித்தாந்தம் உடலைப் பற்றிய நூல் அல்ல, நோயெதிர்ப்பியல் வீடுபேற்றைப் பற்றிய நூலும் அல்ல. ஆனால் ‘கண்டவன் தான் கண்டதை நம்பலாமா’ என்பது தத்துவ நூல்களுக்கு மட்டும் சொந்தமான கேள்வி இல்லை. நிணநீர்க் கணு ஒவ்வொன்றிலும் அது ஒவ்வொரு நாளும் எழுகிறது. அங்கே அதற்குக் கிடைக்கிற விடை வாழ்வு அல்லது சாவு.

மே மாதப் பள்ளி விடுமுறையில் எங்கள் மேசைக்கு, நிணநீர்த் திசுவான டான்சில்கள் வரிசையாக வந்து சேரும். ஃபார்மலினில் வெளுத்த துண்டுகளை மெழுகில் பதித்து, மைக்ரோட்டோமில் சீவி, ஹெமட்டாக்சிலினும் ஈயோசினும் ஏற்றிப் பார்த்தால், கருநீலப் பரப்பின் நடுவே வட்டம் வட்டமாக வெளிறிய திட்டுகள் தெரியும். ஜெர்மினல் சென்டர். வால்தர் ஃபிளெமிங் 1880களில் இவற்றைப் பார்த்துவிட்டு, லிம்ஃபோசைட்டுகள் பிறக்கும் இடம் இதுதான் என்று கருதினார். பிறக்கும் இடமல்ல, பழுக்கும் இடம். அதைவிட அதிகமாகச் சாகும் இடம். நன்றாக வெட்டிய டான்சிலில் வட்டத்தின் ஒரு பாதி இருண்டும் மறுபாதி வெளுத்தும் இருப்பதைச் சாதாரணச் சாயத்திலேயே காணலாம்.

இருண்ட பாதியில், ஆன்டிபாடி செய்யப்போகும் பி செல்கள் 6 முதல் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை பிளக்கின்றன. பிளக்கும்போது சும்மா பெருகுவதில்லை. தம்முடைய ஆன்டிபாடி ஜீனில் தாமே பிழைகளைச் செய்துகொள்கின்றன. ஒரு தலைமுறைக்கு ஆயிரம் எழுத்துக்கு ஒரு பிழை. உடலின் மற்ற ஜீன்களில் நேர்கிற பிழையைப் போல ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு. இந்த வேலையைத் தொடங்கி வைக்கும் என்சைமைக் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடம் 1999-இல் கண்டெடுத்தது. உடலில் வேறெந்த செல்லாவது தன் ஜீனை இப்படித் திருத்தி எழுத ஆரம்பித்தால் அதைப் புற்றுநோயின் தொடக்கம் என்று அறிக்கையில் எழுதுவோம். இங்கே அதற்கு அனுமதி உண்டு. அந்த அனுமதிக்கான விலையும் உண்டு: பி செல் லிம்ஃபோமாக்களில் பெரும்பகுதி இந்த வட்டத்தைக் கடந்து வந்த செல்களிலிருந்து எழுபவை.

பிழைகளில் பல வீண். சில, ஆன்டிபாடியின் பிடியை இறுக்குகின்றன. சில ஆபத்தானவை, கிருமியைப் பிடிக்க வேண்டிய கை நம் உடம்பையே பிடிக்கும்படி திரிந்துவிடும். எது எது என்று அந்த செல்லுக்குத் தெரியாது. ஒன்று தன் ஏற்பியில் பொருந்துகிறது என்பது மட்டும் அதற்குத் தெரியும். பொருந்தியது பகையா உறவா என்று சொல்லும் உறுப்பு அதனிடம் கிடையாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மீமாம்சகர் நினைவுதான் வரும். காட்சி எவ்வளவு துல்லியமோ அவ்வளவு மெய் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இங்கே பிடி இறுக இறுக, பிடித்தது தவறாக இருந்தால் கேடும் இறுகும். துல்லியமும் மெய்யும் ஒன்றல்ல.

பீட்டர் பிரெட்ஷரும் மெல்வின் கோனும் 1970-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் ஒரு விதியாகச் சொன்னது. தன் ஏற்பியில் ஒன்று வந்து ஒட்டியது என்ற முதல் செய்தியை மட்டும் பெற்ற செல் செயல்படக் கூடாது, அடங்கிவிட வேண்டும். அதே பொருளைத் தனியாக அறிந்த இன்னொரு செல்லிடமிருந்து இரண்டாவது செய்தி வந்தால்தான் செயல்படலாம். அப்போது அது பெரும்பாலும் தருக்கம்தான். மூலக்கூறுகள் பின்னால் வந்தன.

இரண்டு வகை செல்கள் உண்டு என்பதே அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெளிவாகத் தொடங்கியிருந்தது. அந்தக் கதை கோழியில் ஆரம்பிக்கிறது. ஓஹையோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் கோழிக்குஞ்சுகளின் பின்புறத்திலுள்ள ஃபப்ரீசியஸ் பையை வெட்டி எடுத்திருந்தார். அந்தக் கோழிகளை வேறொருவர் பாடம் நடத்த வாங்கிக்கொண்டு போய்க் கிருமியை ஊசியிட, ஆன்டிபாடி வரவே இல்லை. 1956-இல் அந்தக் கட்டுரை கோழிவளர்ப்பு இதழில்தான் இடம்பிடித்தது. மனித மருத்துவர்கள் பல ஆண்டுகள் அதைப் படிக்கவில்லை. லண்டனில் ஜாக் மில்லர் 1961-இல், பிறந்தவுடன் தைமஸை இழந்த எலிக்குஞ்சுகள் நோயை எதிர்க்க முடியாமல் நலிவதைக் காட்டினார். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 1966-இல் டென்வரில் ஹென்றி கிளாமன் குழு செய்த சோதனை. கதிர்வீச்சால் வெறுமையாக்கப்பட்ட எலிகளுக்குத் தைமஸ் செல்களை மட்டும் கொடுத்து, செம்மறியாட்டுச் சிவப்பணுவை ஊசியிட்டார்கள். ஆன்டிபாடி ஏறத்தாழ இல்லை. எலும்பு மஜ்ஜை செல்களை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள்; அப்போதும் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, இரண்டின் கூட்டுத்தொகையைக் காட்டிலும் பல மடங்கு வந்தது. இரண்டு வருடம் கழித்து மெல்பர்னில் மில்லரும் கிரஹாம் மிட்செலும், ஆன்டிபாடி செய்வது மஜ்ஜையிலிருந்து வந்த செல், அதாவது பி செல் மட்டுமே, தைமஸ் செல் அதைச் செய்வதே இல்லை, துணை மட்டும் நிற்கிறது என்று பிரித்துக் காட்டினார்கள்.

இப்போது வெளுத்த பாதிக்கு வருகிறேன். அங்கே வலைபோல் விரிந்த செல்கள், ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய பொருளான ஆன்டிஜெனை முழு உருவோடு மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். இருட்டிலிருந்து வரும் பி செல் அதில் தன் பிடிக்குக் கிடைத்த அளவைப் பிய்த்து விழுங்குகிறது. விழுங்கியதை உள்ளே துண்டு துண்டாக நறுக்கி, துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. துணை நிற்கும் தைமஸ் வழிச் செல்கள், அதாவது உதவி டி செல்கள், அங்கே மிகக் குறைவு. சாதாரணச் சாயத்தில் அவற்றைப் பிரித்தறியவே முடியாது, பிடி-1 என்ற புரதத்துக்கான பழுப்புச் சாயம் ஏற்றினால்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். பி செல்கள் கூட்டமாக அவற்றை நெருங்குகின்றன. தொடுதல் சில நிமிடங்கள்தான். யார் இறுகப் பிடித்து அதிகம் விழுங்கினாரோ அவர் ஏந்தும் துண்டுகள் அதிகம். அவருக்குக் கிடைக்கும் துணையும் அதிகம். டி செல்லின் மேலிருக்கும் சிடி40 லிகண்ட் என்ற புரதம் பி செல்லின் சிடி40-ஐத் தொட வேண்டும். கூடவே இன்டர்லூக்கின்-21, இன்டர்லூக்கின்-4 போன்ற செய்திப் புரதங்கள் கசிய வேண்டும். துணை பெற்றவர் இருட்டுக்குத் திரும்பி மறுபடி பிளந்து மறுபடி பிழை செய்வார், அல்லது பிளாஸ்மா செல்லாகவோ நினைவு செல்லாகவோ வெளியேறுவார். பெறாதவர் இறந்துபோவார். எலிகளில் அளந்து 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, அந்த வட்டத்தில் இருக்கும் பி செல்களில் ஏறக்குறையப் பாதி ஒவ்வொரு ஆறு மணி நேரத்திலும் மடிகின்றன. அவற்றை விழுங்கிய மேக்ரோஃபேஜுகள் உள்ளே கரும்புள்ளிகளோடு வட்டமெங்கும் நிற்கும். புதிதாகச் சேரும் பிஜி மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் புள்ளிகளைத்தான்.

இதையெல்லாம் மண்டபத்தில் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். போட்டித் தேர்வுப் பையன் குறிப்பெடுத்தான். மாமா நான் முடிக்கும்வரை பொறுக்கவில்லை.

“பாத்தியா? மலபரிபாகம். பக்குவம் வந்தவனுக்கு அருள் தானா வந்து பதியுது. மெய்கண்டாரு பதினோராம் சூத்திரத்துல என்ன சொல்லுதாரு? கண்ணு பாக்குது, ஆனா உயிர் கூட நின்னு காட்டினாத்தான் கண்ணு பாக்கும். அதே மாதிரி உயிர் அறியுது. இறைவன் கூட நின்னு காட்டினாத்தான் உயிர் அறியும். காட்டுத உபகாரம் ஒண்ணு, காணுத உபகாரம் ஒண்ணு. உன் டி செல் அந்த உபகாரத்தத்தானே செய்யுது?”

தொடர்ந்து அருணந்தி சிவாசாரியார் கதையையும் சொன்னார். மரபில் வழங்கும் கதை. எல்லா ஆகமங்களையும் கற்றுச் சகலாகம பண்டிதர் என்று பெயர் வாங்கியவர், திருவெண்ணெய்நல்லூரில் சிறுவன் மெய்கண்டார் பாடம் சொல்வதைக் கேட்டுப் பொறுக்காமல் போய் நின்று, ஆணவ மலத்தின் உருவம் எது என்று கேட்கிறார். சிறுவன் பதில் பேசாமல், நிற்கிற அவரையே விரலால் சுட்டிக் காட்டுகிறான். “அத்தனையும் தெரிஞ்சவரு. ஆனா பழுக்கல. பழுக்கணும்னா இன்னொருத்தர் வேணும். அது வயசுல சின்னவரா இருந்தாலும் சரி” என்றார் மாமா.

கதை நல்ல கதை. ஆனால் நான் ஒப்பவில்லை. முதலாவது, காட்டுவது யார்? சூத்திரத்தில் இறைவன் உயிருக்குக் காட்டுகிறான். வட்டத்துக்குள் பி செல்தான் டி செல்லுக்குக் காட்டுகிறது. தான் விழுங்கியதைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பது அது. இரண்டாவது, சித்தாந்தத்து இறைவன் உயிர் அறிவதை எல்லாம் அறிகிறவன், அதற்கு மேலும் அறிகிறவன். டி செல்லுக்கு அப்படி ஒரு மேலறிவு கிடையாது. சொல்லப்போனால் பி செல் கண்டதை அது காணவே இல்லை.

இதற்குச் சான்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது. பச்சைக் குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களில் தொடையில் போடுகிற பென்டாவேலன்ட் ஊசி. இந்தியாவில் தமிழ்நாடும் கேரளமும்தான் 2011 டிசம்பரில் இதை முதலில் தொடங்கின. அதில் ஹிப் கிருமிக்கான மருந்தும் ஒன்று. இந்தக் கிருமி குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும். அதன் மேலுறை முழுக்கச் சர்க்கரைச் சங்கிலி. பி செல் அந்தச் சர்க்கரையைக் கண்டுகொள்கிறது; ஆனால் சர்க்கரையை நறுக்கி டி செல்லுக்குக் காட்ட முடியாது, டி செல் வாசிப்பது புரதத் துண்டுகளை மட்டும். ஆகவே துணை கிடைப்பதில்லை. வெறும் சர்க்கரையால் செய்த பழைய தடுப்பு மருந்து, நோய் அதிகம் தாக்கும் இரண்டு வயதுக்கும் குறைந்த குழந்தைகளிடம் பயன்படவில்லை. அமெரிக்காவில் ஜான் ராபின்ஸும் ரேச்சல் ஷ்னீயர்சனும் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதியியல் முறையில் பிணைத்து 1980-இல் வெளியிட்டார்கள். அப்படிப் பிணைத்தால் முயல்கள் ஆன்டிபாடி தரும் என்பதை ஏவரியும் கோபலும் 1929-லேயே கண்டிருந்தார்கள். ஏன் என்று சொல்ல அப்போது டி செல் என்ற கருத்தே இல்லை.

நடப்பதைக் கவனியுங்கள். பி செல் சர்க்கரையைப் பிடிக்கிறது. பிணைந்திருப்பதால் புரதமும் கூடவே உள்ளே போகிறது. நறுக்கி ஏந்துவது புரதத் துண்டை. டி செல் அந்தப் புரதத்தைக் கண்டு துணை தருகிறது. துணை பெற்ற பி செல்லோ சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடியைப் பழுக்க வைக்கிறது. டி செல் கடைசிவரை அந்தச் சர்க்கரையை அறிவதே இல்லை. அது ‘நீ கண்டது மெய்’ என்று சொல்லவில்லை. ‘நீ விழுங்கியதில் அயலானது ஒன்று இருக்கிறது’ என்று மட்டும் சொல்கிறது.

மாமா இந்த இடத்தில் பிரகாசமானார். “அனுமானம்!” என்றார். மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால். ஆமாம், ஆனால் கொஞ்சம் கோணலான அனுமானம். இங்கே மலையை மட்டும் பார்த்தவன் ஒருவன், புகையை மட்டும் பார்த்தவன் இன்னொருவன். இந்தப் புகை இந்த மலையில்தான் எழுகிறது என்பதற்கு இருவரிடமும் உள்ள ஒரே ஆதாரம், இரண்டும் ஒரே வாய் வழியாக உள்ளே போயின என்பதுதான். நையாயிகர் இதை வகுப்பில் ஏற்றுக்கொள்ள மாட்டார். ஆனால் 2011-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைகள் இந்த அரைகுறை அனுமானத்தின் காவலில்தான் மூளைக்காய்ச்சலுக்குத் தப்பி வளர்கிறார்கள். என் பேத்தியும்தான்.

அரைகுறை என்றேன். அது தவறுகிற இடமும் உண்டு. கோதுமை அதிகம் உண்ணும் வட மாநிலங்களில் கூடுதலாகக் காணப்படும் சீலியாக் நோயில், குடலிலுள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நம்முடைய சொந்த என்சைமுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகிறது. அந்த என்சைமுக்கு எதிரான டி செல்லைத் தேடிப் பார்த்தால் காணோம். பெரும்பாலோர் இப்போது ஏற்கும் விளக்கம் இது: என்சைம் கோதுமையின் குளூட்டனோடு ஒட்டிக்கொள்கிறது, பி செல் என்சைமைப் பிடித்து இரண்டையும் சேர்த்து விழுங்குகிறது, காட்டுவது குளூட்டன் துண்டை, குளூட்டனை அயலாகக் கண்ட டி செல் துணை தருகிறது. தடுப்பூசியில் குழந்தையைக் காத்த அதே வழி இங்கே குடலைக் கெடுக்கிறது. கோதுமையை நிறுத்தினால் அந்த ஆன்டிபாடியும் மெல்லக் குறைந்துவிடுகிறது. துணைக்கு ஆதாரமான பொருள் வருவது நின்றதும் தவறான அறிவும் நிற்க முடியவில்லை. இதை அருள் என்று எப்படிச் சொல்வது? அருள் ஆளை மாற்றிப் பதியுமா?

அப்படியானால் துணையே வேண்டாமா? அந்தக் கேள்விக்கு எனக்கு விடை சொன்னது ஒரு சிறுவனின் நிணநீர்க் கணு. எந்த ஊர், எந்த ஆண்டு என்பதெல்லாம் வேண்டாம். திரும்பத் திரும்ப நிமோனியா. எடுத்து அனுப்பிய கணுவில் லிம்ஃபோசைட்டுகள் தாராளமாக இருந்தன. வெளிறிய வட்டம் ஒன்றுகூட இல்லை. பல வெட்டுகள் வெட்டிப் பார்த்தும் இல்லை. ரத்தத்தில் ஐஜிஎம் என்ற முதல் வகை ஆன்டிபாடி எக்கச்சக்கம். பின்னால் வர வேண்டிய வகைகளான ஐஜிஜி, ஐஜிஏ இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. அவன் அம்மாவிடம் விசாரித்தபோது, தன் உடன்பிறந்த தம்பிகள் இருவரும் குழந்தையிலேயே காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னாள். அவனுக்குத் தாய்மாமா என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை. எக்ஸ் குரோமோசோம் வழி வரும் ஹைப்பர் ஐஜிஎம் நோய் அப்படித்தான் ஆண்பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும். இந்த நோயின் குறை பி செல்லில் இருப்பதாகத்தான் வெகுகாலம் எண்ணினார்கள். 1993-இல் பல ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் கண்டன: பி செல்லில் பழுதில்லை; டி செல்லின் மேல் இருக்க வேண்டிய சிடி40 லிகண்ட் சரியாக இல்லை. காட்டுவதற்கு ஆயத்தமாகப் பி செல்கள் வந்து நிற்கின்றன. பதிலுக்குத் தொடும் விரல் இல்லை. அதனால் பிழை செய்து பழுப்பதும் இல்லை, ஐஜிஎம்மிலிருந்து மற்ற வகைக்கு மாறுவதும் இல்லை. முதல் நாள் பேசிய ஐஜிஎம்மையே பேசிக்கொண்டிருக்கின்றன.

எச்ஐவியிலும் துணை இல்லாமையின் வேறொரு முகத்தைப் பார்த்தோம். இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பதை 1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தக் கிருமி தொற்றியவர்களின் கணுக்கள் எங்கள் மேசைகளுக்கும் வரத் தொடங்கின. ஆரம்பத்தில் வட்டங்கள் வீங்கி, உருக்குலைந்து, ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும்; கடைசிக் கட்டத்தில் எரிந்து அடங்கிய வெறும் தழும்பு. உதவி டி செல்களை அந்தக் கிருமி அழித்துக்கொண்டிருக்க, ரத்தத்தில் மொத்த இம்யூனோகுளோபுலின் குறைவதற்குப் பதிலாகக் கூடும். ஆன்டிபாடி ஏராளம்; புதிதாக ஒரு தடுப்பூசி போட்டால் அதற்கு மட்டும் ஒழுங்கான பதில் வராது.

அநவஸ்தையைக் கேட்காமல் மீமாம்சகர் விடமாட்டார். பி செல்லை டி செல் சோதித்தது. டி செல்லைச் சோதித்தது யார்? அதுவும் சும்மா வரவில்லை. தைமஸில் 100-க்கு 95-க்கும் மேற்பட்டவை தேறாமல் மடிகின்றன. தேறியது வெளியே வந்து, டென்ட்ரிடிக் செல் என்ற இன்னொரு வகைச் செல் காட்டியதைக் கண்டு விழிக்க வேண்டும். அந்த டென்ட்ரிடிக் செல்லை எழுப்பியது கிருமியின் தொடுகை. இப்படியே பின்னால் போய்க்கொண்டிருக்கலாம். ஆனால் வட்டத்துக்குள் ஒரு விசித்திரம் இருக்கிறது. பி செல்கள் இல்லாவிட்டால் அந்த உதவி டி செல்களும் நிலைத்து நிற்பதில்லை. காட்டுவதற்கு ஆள் இருக்கும்வரைதான் துணை இருப்பவரும் இருப்பார். கோடு போல் முடிவில்லாமல் ஓடியது வளைந்து தன்னையே தொட்டுக்கொள்கிறது. தருக்க நூலார் இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: அன்னியோன்னியாசிரயம், ஒன்றையொன்று சார்ந்து நிற்றல். அதையும் குற்றப் பட்டியலில்தான் சேர்த்தார்கள். உடல் அந்தக் குற்றத்தில்தான் குடித்தனம் நடத்துகிறது.

மீமாம்சகருக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும். மண்ணீரலின் ஓரத்தில் ஒரு வகைப் பி செல்கள் உண்டு. திரும்பத் திரும்ப ஒரே அமைப்பு வரும் சர்க்கரைச் சங்கிலி போன்றவற்றைக் கண்டால் அவை யாரையும் கேட்பதில்லை. உடனே ஐஜிஎம் சுரந்துவிடும். பெரும்பாலும் பிடி தளர்வு, நினைவும் குறைவு. ஆனால் ஜெர்மினல் சென்டர் எழும்ப ஒரு வாரம் ஆகும், ரத்தத்தில் புகுந்த நிமோகாக்கஸ் ஒரு வாரம் காத்திருக்காது. விபத்தில் மண்ணீரலை இழந்தவர்களுக்கு நிமோகாக்கஸ் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வது இதனாலும்தான். கண்டதை அப்போதைக்கு நம்பிச் செயல்படு, பொய்யென்று தெரிந்தால் பிறகு பார்க்கலாம் என்ற குமாரிலர் கட்சி இல்லாமலும் பிழைக்க முடியாது. என்னுடைய கணக்கில் நையாயிகர் பழுத்த அறிவைப் பற்றிச் சரியாகச் சொன்னார், மீமாம்சகர் அவசர அறிவைப் பற்றி. இருவரும் தத்தம் வகை ஒன்றே உள்ளதென்று வாதிட்டதில்தான் எனக்கு வருத்தம்.

“அப்ப எங்க கட்சிக்கு ஒண்ணுமே இல்லையா?” என்றார் மாமா.

“பழுக்கணும்னா இன்னொருத்தர் வேணும்னு சொன்னீங்களே, அது உங்களது. அதை எடுத்துக்கிட்டேன். அந்த இன்னொருத்தர் எல்லாம் அறிஞ்சவர்ங்கறத மட்டும் திருப்பிக் கொடுத்துட்டேன். அவரும் பாதிதான் பாக்காரு, தப்பும் பண்ணுதாரு, நம்மள நம்பித்தான் அவரும் இருக்காரு.”

“அது துணை. அருள் இல்ல.”

“அதைத்தான் மாமா நானும் சொல்லுதேன்.”

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறொன்று. அதையும் அன்று கேட்டேன். சித்தாந்தத்தில் எந்த உயிரும் முற்றாகக் கைவிடப்படுவதில்லை. நல்வினையும் தீவினையும் ஒன்றாகும் இருவினையொப்பு வரும், மலம் பழுக்கும் மலபரிபாகம் வரும், அருள் பதியும் சத்திநிபாதம் வரும்; எத்தனை பிறவி ஆனாலும் காத்திருக்க இறைவனுக்குக் காலம் இருக்கிறது. உடலுக்கு அந்த வசதி இல்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வட்டத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடுகிறது. போனவற்றில் சில, அடுத்த பிளவில் மிக நல்ல பிடியைப் பெற்றிருக்கக் கூடியவை. இன்னும் ஒரு வாய்ப்பு என்பது அவற்றுக்கு இல்லை. டான்சில் ஸ்லைடில் அந்தக் கரும்புள்ளிகளைப் பார்க்கும்போது, தேறி வெளியேறிய பிளாஸ்மா செல்லைவிட அவைதான் என்னை அதிகம் நிறுத்திவைக்கின்றன. கைவிடப்பட்டவற்றுக்கு உங்கள் நூலில் என்ன இருக்கிறது?

மாமா யோசித்தார். பூக்கட்டும் அம்மாக்களில் ஒருவர் நாரை இழுத்துக்கொண்டே, “செத்ததை ஏதோ ஒண்ணு முழுங்குதுன்னு சொன்னியேம்மா, அது அதைக் கொண்டு என்ன செய்யும்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. செரித்து, நியூக்ளியோடைடாகவும் அமினோ அமிலமாகவும் உடைக்கும். மிச்சத்தை மற்ற செல்கள் எடுத்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். பக்கத்து இருட்டில் பிளக்கும் பி செல்லுக்கும் அதில் கொஞ்சம் போய்ச் சேரலாம் என்றேன்.

“பிறவின்னு நான் சொன்னா ஒத்துக்க மாட்டேங்கா” என்றார் மாமா அந்த அம்மாவிடம், என்னைக் காட்டி. நியூக்ளியோடைடு திரும்பி வரலாம், அந்த செல் கண்டது திரும்பி வராதே என்று நான் ஆரம்பித்தேன். அர்த்தசாமப் பூசைக்கு மணி அடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு சத்திநிபாதத்தின் நால்வகையை நடத்தப்போவதாகவும், நான் வருவதாக இருந்தால் கரும்பலகையை அவர் விட்டுத்தர மாட்டார் என்றும் சொல்லிவிட்டு எழுந்தார்.